கார்ப்பரேட் கவர்னன்ஸ் ஆய்வு: கேள்வித்தாள் தவிர வேறு வழியே இல்லையா?

மலைக்கோட்டை எழுதியது:
வணக்கம். வணிகவியலில் பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். தலைப்பு இன்னும் முழுசாக உறுதியாகவில்லை, ஆனால் நிறுவன நெறிமுறை, கார்ப்பரேட் கவர்னன்ஸ் (நிறுவனத்தை யார், எப்படி மேற்பார்வை செய்வது) பக்கம்தான். என் கைடு சொல்வது இது: "200 முதலீட்டாளரிடம் ஐந்து புள்ளி கேள்வித்தாள் கொடு, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போடு, ஃபேக்டர் அனாலிசிஸ் பண்ணு, மூன்று வருஷத்தில் வைவா (வாய்மொழித் தேர்வு)." பைலட்டுக்குச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். "நிறுவனங்கள் நேர்மையாக நடப்பது அவசியம் என்று கருதுகிறீர்களா?" என்ற கேள்விக்கு எல்லாரும் 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்துவிட்டார்கள். இதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? இதைவிட உருப்படியான வழி இருக்கிறதா? செலவு செய்ய வசதியில்லை, கட்டணத் தரவுத்தளம் எதுவும் எங்கள் கல்லூரியில் கிடையாது.

சந்தைக்காரன் எழுதியது:
நேர்மை வேண்டாம் என்று எவன் டிக் அடிப்பான்? ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்துக்கு 2008 செப்டம்பரில் கார்ப்பரேட் கவர்னன்சுக்காக கோல்டன் பீகாக் விருது கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்தது: கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். போர்டில் ஹார்வர்டு பேராசிரியர், ஐஎஸ்பி வணிகப் பள்ளியின் டீன், பென்டியம் சிப் புகழ் வினோத் தாம் என்று நட்சத்திரப் பட்டாளம். உங்கள் கேள்வித்தாளை அன்றைக்கு சத்யத்தின் பங்குதாரர்களிடம் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஆராய்ச்சியே வேஸ்ட். திருடன் திருடுவான், மாட்டும்போது மாட்டுவான்.

கோவை ஆடிட்டர் எழுதியது:
சந்தைக்காரன் சார், வழக்கம்போல ஒரே போடு.

மேடம், முதலில் எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். 'நெறிமுறை' என்பது அளவுகோலில் வராது. போர்டில் எத்தனை சுயேச்சை இயக்குநர், ஆடிட் கமிட்டி எத்தனை தடவை கூடியது என்று எண்ணி லாபத்தோடு ரிக்ரெஷன் (இரண்டுக்கும் தொடர்பு பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டு நூற்றுக்கணக்கில் பேப்பர் வந்தாச்சு. கிளாஸ் 49 (பங்குச் சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தில் அப்போது இருந்த கவர்னன்ஸ் விதி) கேட்ட எண்ணிக்கையை எல்லாக் கம்பெனியும் காகிதத்தில் காட்டிவிடும். அதில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று பிரியாது.

புள்ளிக்கோலம் எழுதியது:
ஆராய்ச்சியே வேஸ்ட் என்பதை ஏற்க முடியாது. நான் பொருளாதாரத் துறை ஆள், அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவை வைத்தே செய்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் குஜராத்தில் செய்தது, 2013இல் வெளியானது. நிதிக்கணக்கு ஆடிட் இல்லை, சுற்றுச்சூழல் ஆடிட். ஆனால் கேள்வி உங்களுடையதுதான்: யாரை ஆடிட் செய்கிறாரோ அவரிடமே சம்பளம் வாங்கும் ஆடிட்டர் உண்மையை எழுதுவாரா?

குஜராத்தில் மாசு அதிகம் வரக்கூடிய ஆலைகள் வருஷா வருஷம் வெளி ஆடிட்டரை வைத்துப் புகைபோக்கியை அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். 1996இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு. ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது ஆலை, காசு கொடுப்பதும் ஆலை. ஒரே ஆலையைத் தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் பார்க்கக்கூடாது என்ற சுழற்சி விதியெல்லாம் அப்போதே உண்டு. சட்டப் புத்தகத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளை எடுத்தார்கள். சுமார் பாதி ஆலைகளுக்குப் பழைய முறை. மீதிக்கு நடைமுறையை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு எந்த ஆடிட்டர் என்பது குலுக்கல். சம்பளம் ஆலையிடமிருந்து இல்லை, பொது நிதியிலிருந்து, முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. ஆடிட்டர் அளந்துவிட்டுப் போன பிறகு சில இடங்களில் வேறொரு குழு போய் அதே புகைபோக்கியை மறுபடி அளக்கும். இரண்டாம் வருஷம், மறு அளவோடு ஒத்துப்போனால் கூடுதல் ஊதியம்.

பழைய முறையில் என்ன நடந்தது என்றால், தூசுத் துகள் வரம்பை மீறியதாக ஆடிட்டர்கள் எழுதியது 7 சதவீத ஆலைகளை. மறுபடி அளந்தபோது மீறியிருந்தது 59 சதவீதம். ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம்தான் வரம்பு. ஆடிட் அறிக்கைகளை வரைபடமாகப் போட்டால் 150க்குக் கொஞ்சம் கீழே பெரும்பாலான அளவுகளும் குவிந்து கிடக்கும். மறு அளவில் அந்தக் குவியலே இல்லை. புதிய முறையில் வேலை செய்தவர்கள், மீறிய ஆலையை 'சரி' என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. அது மட்டுமல்ல, அந்த ஆலைகள் மாசையும் குறைத்தன. சும்மா எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்றானதும் புகையைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இதில் என்னை அசத்தியது வேறொன்று. சில ஆடிட்டர்கள் ஒரே காலத்தில் இரண்டு பக்கமும் வேலை பார்த்தார்கள். அதே ஆள், குலுக்கலில் வந்த ஆலைக்கு உண்மையை எழுதினார், தன்னைக் கூலிக்கு அமர்த்திய ஆலைக்குப் பொய் எழுதினார். நல்லவர் கெட்டவர் என்று ஆளைப் பிரித்து நெறிமுறைப் பயிற்சி கொடுப்பதில் எவ்வளவு பலன் இருக்கும் என்று இதைப் படித்த பிறகு யோசித்துப் பாருங்கள்.

சந்தைக்காரன் எழுதியது:
சரி, சுவாரசியம்தான். ஆனால் புகைபோக்கிக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்? புகையைக் கருவி அளக்கும். ஐயாயிரம் கோடி எஃப்டி இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கருவி அளக்கும்?

பழைய லெட்ஜர் எழுதியது:
தம்பி, கருவி இருக்கிறது. பேங்க்குக்கு ஒரு கடிதம்.

நான் பேங்க்கில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், பாதி சர்வீஸ் கொங்கு நாட்டு மில் ஊர்களில். அப்போது நடந்த ஒரு சங்கதி. நூல் மில் ஒன்று, பேர் வேண்டாம். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையிருப்புச் சரக்குக் கணக்கு) கொடுப்பார்கள், அதை வைத்துத்தான் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கடன் லிமிட். ஸ்டேட்மென்ட் எப்போதும் பிரமாதம். ஆடிட்டர் கையெழுத்தும் இருக்கும். குடோனுக்குப் போனால் கூரை முட்ட நூல் மூட்டை. உள்ளே நுழைய வழி இருக்காது, முன்வரிசையை எண்ணி, உயரத்தால் பெருக்கி, பின்னால் எத்தனை வரிசை என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வருவோம். டீயும் போண்டாவும் வரும்.

எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்: "குடோனை அப்புறம் பாரு, முதல்ல இபி கார்டைக் கேளு." நூல் மில்லில் ஸ்பிண்டில் ஓடினால் கரண்ட் ஓடியே தீரும். ஒரு கிலோ நூலுக்கு, அதுவும் இன்ன கவுன்ட்டுக்கு (நூலின் மென்மை அளவுக்கு), இத்தனை யூனிட் என்று கணக்கு உண்டு. பன்னிரண்டு மாத இபி பில்லை அடுக்கி வைத்துப் பார்த்தால், அவர்கள் காட்டிய உற்பத்தியில் பாதிக்குக்கூட கரண்ட் செலவாகவில்லை. ஜெனரேட்டர் என்றார்கள். டீசல் பில் கேட்டேன். அன்றைக்கு டீ வரவில்லை. பின்வரிசையைப் பிரிக்கச் சொன்னபோது மூட்டைக்குள் கழிவுப் பஞ்சு.

மின்வாரியத்துக்காரனுக்கு அந்த மில்லின் ஸ்டாக் ஸ்டேட்மென்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அக்கறையும் இல்லை. மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறான். அதனால்தான் அவன் எழுத்து எனக்கு உதவியது.

கோவை ஆடிட்டர் எழுதியது:
ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். பேங்க்குக்குக் கடிதம் போடுவது சத்யம் காலத்திலும் ஆடிட் நியமத்தில் இருந்தது. புதுசாகக் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி சத்யம் விவகாரத்தில் 2011 ஏப்ரலில் போட்ட உத்தரவில் இருப்பது என்னவென்றால், வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் வாங்குவதையும் ஆடிட் குழு கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. அதாவது கடிதம் வங்கிக்குப் போய் வங்கியிலிருந்து நேரே ஆடிட்டருக்கு வர வேண்டும். நடுவில் கம்பெனி கை பட்டால் அது ஆதாரமே இல்லை. ஆர்டிகிள்ஷிப்பில் (சிஏ பயிற்சியில்) முதல் மாதத்தில் சொல்லிக் கொடுக்கும் விஷயம். ஆறாயிரத்துக்கு மேல் போலி இன்வாய்ஸ் தயாரித்த கம்பெனிக்கு வங்கி லெட்டர்ஹெட் ஒரு பெரிய காரியமா?

2015இல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு சேர்த்துப் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் இரண்டு பேர் ஆடிட்டர்கள். எங்கள் தொழிலுக்கு அது பெரிய தலைக்குனிவு, மறுக்கவில்லை. ஆனால் குஜராத் ஆய்வை அப்படியே தூக்கி எங்கள் தலையில் வைக்காதீர்கள். புகைபோக்கி அளவு ஒரு எண். எங்கள் வேலையில் பாதி தீர்மானம் சார்ந்தது. இந்தக் கடன் வாராக்கடனா, இந்தக் குட்வில் (நற்பெயருக்குப் போட்ட மதிப்பு) இன்னும் மதிப்புள்ளதா, இந்த வழக்கில் தோற்போமா என்பதற்கெல்லாம் மறு அளவு எடுக்க மீட்டர் இல்லை.

சந்தைக்காரன் எழுதியது:
2009இல்தான் பாடம் கற்றாச்சே, 2020இல் ஜெர்மனியில் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் என்ன ஆச்சு? 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருக்கிறது என்றார்கள். அந்த இரண்டு வங்கியும் 'இவர்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை, காகிதம் போலி' என்று சொல்லிவிட்டன. ஒரே வாரத்தில் திவால் மனு. ஆடிட்டர் பல வருஷமாக ஒரே நிறுவனம். ஜெர்மனிக்காரனே இப்படி.

புள்ளிக்கோலம் எழுதியது:
சந்தைக்காரன், நீங்கள் சொல்வதெல்லாம் என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது :)

ஆடிட்டர் சார் சொன்ன 'தீர்மானம்' விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பற்றியும் ஆய்வு உண்டு. பேசர்மேன், லோவன்ஸ்டீன், மூர் மூவரும் 2002இல், அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் மோசடியில் கவிழ்ந்த சூட்டோடு சூடாக எழுதினார்கள். அவர்கள் வாதம்: பெரும்பாலான மோசமான ஆடிட் வேண்டுமென்றே செய்யும் திருட்டு இல்லை. விஷயம் எங்கே இரண்டுங்கெட்டானாக இருக்கிறதோ அங்கே, காசு கொடுப்பவர் பக்கம் மனசு தானாகச் சாய்கிறது. சாய்வது ஆடிட்டருக்கே தெரியாது. என்ரான் 2000இல் தன் ஆடிட்டரான ஆண்டர்சனுக்குக் கொடுத்தது ஆடிட்டுக்கு 2.5 கோடி டாலர், ஆலோசனைக்கு 2.7 கோடி டாலர். அந்த நிலையில் 'இது சரியில்லை' என்று தோன்றவே தாமதமாகும். ஆகவே தீர்மானம் அதிகமுள்ள இடத்தில் குஜராத் பிரச்சினை குறையாது சார், கூடும். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கோவை ஆடிட்டர் எழுதியது:
மனசு சாய்வது உண்மை. மறுக்க மாட்டேன். ஆனால் தீர்வு? குலுக்கல் முறையில் ஆடிட்டர் நியமிப்பதா? 2013 கம்பெனிச் சட்டத்தில் 139ஆம் பிரிவு சுழற்சியைக் கட்டாயமாக்கியது, நிறுவனமாக இருந்தால் ஐந்தைந்து வருஷமாக இரண்டு முறை. 2018இல் ஆடிட்டர்களை மேற்பார்வையிடும் என்எஃப்ஆர்ஏ வந்தது. அதே 2018இல்தான் ஐஎல் & எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அரசு கம்பெனிகளுக்கு ஆடிட்டரைப் போடுவது சிஏஜி (மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்), கம்பெனி இல்லை. அங்கே எல்லாம் சுத்தமா? வங்கிகளில் ஆர்பிஐ அனுமதி இல்லாமல் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர் வைக்க முடியாது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் (பிஎன்பி) மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் 2011 முதல் ஏழு வருஷம் மோசடி எல்ஓயு (வெளிநாட்டுக் கடனுக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) போய்க்கொண்டிருந்தது, 13,000 கோடிக்கு மேல். ஸ்விஃப்ட்டும் (வங்கிகளுக்கு இடையிலான செய்தி வலை) கோர் பேங்கிங்கும் (சிபிஎஸ், வங்கியின் சொந்தக் கணக்கு மென்பொருள்) இணைக்கப்படாமல் இருந்ததை யாரும் சரிசெய்யவில்லை.

பழைய லெட்ஜர் எழுதியது:
பிஎன்பியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஸ்விஃப்ட் செய்தி ஒரு ரிக்கார்டு, சிபிஎஸ் என்ட்ரி இன்னொரு ரிக்கார்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்க தினமும் ஒரு கிளார்க் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நாங்கள் கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் சாயந்திரம் இரண்டு புத்தகம் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. பேத்தி பிறந்த அன்றைக்கும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், அது தனிக்கதை.

மட்டுறுத்துநர்:
இழை நல்லபடியாகப் போகிறது, தொடருங்கள். நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் குறிப்பிட்ட ஒரு பங்கை வாங்கச் சொன்னவை. அது இங்கே வேண்டாம்.

மலைக்கோட்டை எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, பேத்தி கதையைத் தனி இழையில் எழுதுங்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது: ஒரே விஷயத்தை ஒருவரை ஒருவர் சாராத இரண்டு பேர் எழுதி வைத்திருக்க வேண்டும், அந்த இரண்டும் எங்கே விலகுகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் இபி பில்லும் வங்கிக் கடிதமும் என் கைக்கு எப்படி வரும்? குஜராத் மாதிரி சோதனை நடத்த என்னிடம் பணமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, இலவசமாக, இரண்டு ரிக்கார்டு எனக்கு எங்கே கிடைக்கும்?

புள்ளிக்கோலம் எழுதியது:
கிடைக்கும். ஆடிட்டர் சாரே வங்கியைச் சொல்லிவிட்டார்.

2017 ஏப்ரலில் ஆர்பிஐ ஒரு சுற்றறிக்கை போட்டது. வங்கி தன் கணக்கில் இவ்வளவு வாராக்கடன் என்று காட்டுகிறது, அதில் ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது. பிறகு ஆர்பிஐ ஆய்வாளர்கள் அதே மார்ச் 31ஆம் தேதி நிலவரத்தைத் தாங்களே மதிப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், அதை ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்பில் அட்டவணையாகப் போட வேண்டும். 'டைவர்ஜென்ஸ்' என்பார்கள்.

ஆக்சிஸ் வங்கி 2015-16க்குக் காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 6,088 கோடி. ஆர்பிஐ கணக்கில் சுமார் 15,566 கோடி. யெஸ் வங்கி அதே வருஷத்துக்குக் காட்டியது 749 கோடி, ஆர்பிஐ சொன்னது 4,926 கோடி. அடுத்த வருஷமும் யெஸ் வங்கியில் 6,355 கோடி விலகல். 2020 மார்ச்சில் அந்த வங்கிக்கு மாரடோரியம் (பணம் எடுக்கக் கட்டுப்பாடு) வந்தது ஊரறிந்த கதை.

குஜராத் புகைபோக்கி மாதிரியேதான்: ஒரு பக்கம் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆடிட்டர் ஒப்புக்கொண்ட எண், மறுபக்கம் வங்கியிடம் கூலி வாங்காதவர் எடுத்த மறு அளவு. எல்லாம் ஆண்டறிக்கை பிடிஎஃப்பில், வங்கி வலைத்தளத்தில், காசில்லாமல் கிடைக்கும்.

சந்தைக்காரன் எழுதியது:
அட, இது எனக்கு நல்லாவே தெரியும், என் காசும் அதில் கொஞ்சம் கரைந்தது. 2019 பிப்ரவரியில் 'எங்களுக்கு டைவர்ஜென்ஸ் பூஜ்யம்' என்று யெஸ் வங்கி அறிவித்தது, ஒரே நாளில் பங்கு சுமார் 30 சதவீதம் எகிறியது. ஆர்பிஐயின் ரகசிய ஆய்வறிக்கையிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டது தப்பு என்று ஆர்பிஐ கண்டித்ததும் பின்னாடியே வந்தது. அந்த எண்ணுக்குச் சந்தை எவ்வளவு மரியாதை கொடுக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். வேஸ்ட் என்று சொன்னதை இந்த ஒரு தலைப்புக்கு மட்டும் தளர்த்திக்கொள்கிறேன்.

கோவை ஆடிட்டர் எழுதியது:
மேடம், தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் விலகல் எல்லாவற்றையும் 'பொய்' என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் என்னைப் போல ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் கிழித்துவிடுவார். 2015இல் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்த காலத்தில் ஆர்பிஐ சொத்துத் தர ஆய்வு (வங்கிகளின் கடன்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கின்றன என்ற சோதனை) தொடங்கியபோது பார்வையே மாறியது. மறுசீரமைத்த கடன், திட்டம் தாமதமான கடன், இதிலெல்லாம் வங்கி ஒரு வியாக்கியானம் வைத்திருக்கும், ஆர்பிஐ இன்னொன்று. மார்ச்சில் வங்கிக்குத் தெரியாத தகவல் பிறகு ஆர்பிஐக்குத் தெரிந்திருக்கலாம். இன்னொரு விஷயம், மற்ற வங்கிகளில் அந்தக் கடன் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று ஆர்பிஐ மொத்தமாகப் பார்க்க முடியும், ஒரு வங்கியின் ஆடிட்டர் பார்க்க முடியாது.

அப்படியானால் எது கவனிக்கத்தக்கது? விலகல் எந்தத் திசையில் என்று பாருங்கள். வெறும் கருத்து வேறுபாடு என்றால் சில சமயம் வங்கி அதிகமாகவும் சில சமயம் குறைவாகவும் காட்டியிருக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் குறைத்தே காட்டியிருந்தால் அதைக் கருத்து வேறுபாடு என்று நானே வாதாட மாட்டேன்.

புள்ளிக்கோலம் எழுதியது:
அருமை சார். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வரம்பைத் தாண்டினால்தான் வெளியிடுவார்கள். முதலில் வைத்தது: கூடுதல் ஒதுக்கீடு (வாராக்கடன் நஷ்டத்துக்காக ஒதுக்கும் பணம்) நிகர லாபத்தில் 15 சதவீதத்துக்கு மேல், அல்லது கூடுதல் வாராக்கடன் அந்த வருஷம் வங்கி காட்டிய வாராக்கடன் அதிகரிப்பில் 15 சதவீதத்துக்கு மேல். 2019இல் லாப அடிப்படையை மாற்றினார்கள். ஆக வெளியிடாத வங்கி நேர்மையான வங்கி என்று அர்த்தமில்லை, வரம்புக்குள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வங்கி அதிகமாகக் காட்டியிருந்தால் அது இந்த அட்டவணைக்கே வராது. அதனால் ஆடிட்டர் சாரின் திசைச் சோதனையை வெளியான தரவில் நேரடியாகச் செய்ய முடியாது. லாபம் குறைவான வங்கி சின்ன விலகலிலேயே வரம்பைத் தாண்டிவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, வங்கிகளே கொஞ்சம்தான். பெரிய ரிக்ரெஷன் கனவு வேண்டாம். ஒவ்வொரு வங்கியாக வரலாறு எழுதுவது போலச் செய்யுங்கள். விலகல் வந்த வருஷத்தில் தலைமை நிர்வாகியின் பதவிக்காலம் முடியப்போகிறதா, போனஸ் எப்படி நிர்ணயிக்கப்பட்டது, அந்தச் சமயம் வங்கி பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்டியதா, ஆடிட்டர் எத்தனையாவது வருஷம், ஆடிட் கமிட்டியில் யார். எல்லாம் அதே ஆண்டறிக்கையில் இருக்கிறது.

பழைய லெட்ஜர் எழுதியது:
பாப்பா, இன்னொரு யோசனை. அட்டவணை ஒரு வருஷம் தள்ளித்தான் வரும். 2016 மார்ச் விலகல் 2017 ஆண்டறிக்கையில் இருக்கும். வருஷத்தை மாற்றிப் போட்டால் எல்லாமே தப்பாகிவிடும். முதலிலேயே இரண்டு தேதிக்கும் தனித்தனிக் காலம் போட்டுக்கொள். பிறகு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, ஆர்பிஐயின் இறுதி அறிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று 2019 அக்டோபரில் மாற்றியது. அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்ச் தளத்திலும் தேட வேண்டும்.

மலைக்கோட்டை எழுதியது:
ஆக்சிஸ், யெஸ், ஐசிஐசிஐ மூன்றின் 2016-17 ஆண்டறிக்கையை இறக்கிவிட்டேன். அட்டவணை கிடைத்தது. கைடிடம் காட்டினேன். "கேள்வித்தாள் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு யெஸ் வங்கி எண்ணைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "இது எல்லாருக்கும் திறந்து கிடக்கிறதா?" என்றார். ஓர் அத்தியாயத்துக்குக் கேள்வித்தாளும் வேண்டும் என்கிறார், அதில் பேரம் நடக்கிறது.

ஒரு சந்தேகம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்த மாதிரி வெளியீடு உண்டா, இல்லை வணிக வங்கிகளோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

கோவை ஆடிட்டர் எழுதியது:
வணிக வங்கிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டுறவு வங்கி விதிகள் வேறு, கலந்தால் ஒப்பிட முடியாது. கைடு கேட்கும் கேள்வித்தாளை முதலீட்டாளருக்குக் கொடுக்காதீர்கள். வங்கிக் கிளை ஆடிட் செய்யும் சிஏக்களிடம் கொடுங்கள். "நேர்மை அவசியமா" என்று கேட்க வேண்டாம். "போன ஏப்ரலில் ஒரு கணக்கை என்பிஏ (வாராக்கடன்) ஆக்கச் சொல்லி எம்ஓசி (ஆடிட்டர் எழுதும் திருத்தக் குறிப்பு) போட்டீர்களா, கிளை மேனேஜர் என்ன சொன்னார்" என்று கேளுங்கள். பேர் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் ஊரிலேயே சிலர் பேசுவார்கள். மார்ச், ஏப்ரலில் மட்டும் யாரையும் கூப்பிடாதீர்கள், போனை எடுக்க மாட்டோம்.